படுத்துக்கொண்டு படிக்க முடியாத புத்தகங்கள்

போன மாதம் வேறு ஏதோ ஒரு கேள்விக்குப் பதில் சொல்லும்போது, என் வீட்டு அலமாரியின் நடுத்தட்டு தொட்டில் மாதிரி வளைந்துவிட்டதையும், அதற்குக் காரணம் நான் வாங்கிக் குவித்த மெகா சைஸ் ஃபேன்டசி காமிக்ஸ் ஹார்ட்கவர்கள்தான் என்பதையும் போகிற போக்கில் எழுதிவிட்டேன். அவ்வளவுதான், கடிதங்கள் வந்து குவிந்துவிட்டன. சினிமா, அரசியல் கேள்விகளை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவிட்டு இந்தத் தடவை முழுக்க இதுதான். பிடிக்காதவர்கள் பக்கத்தைத் திருப்பிவிடலாம், கோபமில்லை.

அதே கதை சின்னப் புத்தகமாக மலிவாகக் கிடைக்கும்போது நாலு மடங்கு காசு கொடுத்துப் பெரிய சைஸில் வாங்குவது பணத்திமிர் இல்லையா? (வாசகர், கோவை)

பாதி கேள்விக்கு ஆமாம். பெரிதாக இருக்கிறது என்பதற்காக மட்டும் வாங்கினால் திமிர்தான், நானும் அப்படிச் சிலது வாங்கியிருக்கிறேன். ஆனால் மீதிப் பாதியைக் கேளுங்கள்.

காமிக்ஸ் ஓவியர் யாரும் நம் கைக்கு வரும் சைஸில் வரைவதில்லை. அமெரிக்காவில் வழக்கமாக 11க்கு 17 அங்குல அட்டையில், படம் மட்டும் 10க்கு 15 அங்குலம் வருகிற மாதிரி வரைவார்கள். அதை மூன்றில் இரண்டு பங்காகச் சுருக்கித்தான் மாத இதழில் அச்சடிக்கிறார்கள். சுருக்கும்போது என்ன ஆகும்? முடி முடியாக இழுத்த கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கருப்புத் திட்டாகிவிடும். கோட்டையின் ஒவ்வொரு கல்லையும் ஒருவர் உட்கார்ந்து வரைந்திருப்பார், நமக்கு அது சாம்பல் நிறச் சுவராகத் தெரியும்.

ஜப்பானில் இது இன்னும் மோசம். மங்கா ஓவியர்கள் பி4 தாளில் வரைகிறார்கள், 25.7க்கு 36.4 சென்டிமீட்டர். அது முதலில் பி5 சைஸ் பத்திரிகையில் வரும். பிறகு தனிப் புத்தகமாகும்போது பி6க்குச் சுருங்கிவிடும், அதாவது பத்திரிகைப் பக்கத்தின் சரிபாதி. கென்டாரோ மியுராவின் ‘பெர்செர்க்’ 1989இல் பத்திரிகையில் தொடராக ஆரம்பித்தது. கவசம், சங்கிலி, பிசாசுகளின் செதில், பின்னால் நிற்கிற பத்தாயிரம் வீரர்கள் என்று எல்லாவற்றையும் பேனாவால் கீறித் தள்ளிய மனிதர் அவர். 2021 மே மாதம் 54 வயதில் இறந்துபோனார். நான் முதலில் அதைச் சின்னப் புத்தகத்தில்தான் படித்தேன், கதை பிடித்தது, ‘இந்தப் படத்துக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்’ என்றும் தோன்றியது. 2019இல் டார்க் ஹார்ஸ் நிறுவனம் மூன்று மூன்று பாகங்களாகச் சேர்த்து, கறுப்புத் தோல் மாதிரியான அட்டை போட்டு, 7க்கு 10 அங்குலத்தில் டீலக்ஸ் பதிப்பு கொண்டுவந்தது. அதில் அதே பக்கங்களைப் பார்த்தபோதுதான் என் முட்டாள்தனம் புரிந்தது. இதில் வேடிக்கை, அந்த 7க்கு 10 கிட்டத்தட்ட அந்தப் பழைய பத்திரிகை சைஸ்தான். டீலக்ஸ், டீலக்ஸ் என்று நாம் கொண்டாடுவதை ஜப்பானில் ரயிலில் போகிறவர் ஸ்டாலில் வாங்கிப் படித்துவிட்டுத் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தார்.

அதனால் நான் பார்ப்பது ஒன்றே ஒன்றுதான்: இந்தப் படம் எந்த சைஸுக்காக வரையப்பட்டது? பெரிய புத்தகம் அந்த சைஸை நமக்குத் திருப்பிக் கொடுத்தால் காசு கொடுக்கலாம். வெறும் காற்றடித்த பலூனாக இருந்தால் சின்னதே போதும்.

ஆம்னிபஸ், அப்சல்யூட், டீலக்ஸ், லைப்ரரி எடிஷன், ஆர்ட்டிஸ்ட்ஸ் எடிஷன்… தலை சுற்றுகிறது. எது எது என்று சொல்லுங்களேன். (வாசகி, ஈரோடு)

பெயர் வைப்பதில் அவர்களுக்குள் ஒழுங்கே கிடையாது, உங்கள் மேல் தப்பில்லை. ஆம்னிபஸ் என்றால் பருமன். மாத இதழைவிட ஒரு சுற்றுதான் பெரிதாக இருக்கும், ஆனால் ஒரே புத்தகத்துக்குள் முப்பது நாற்பது இதழ்களைத் திணித்து ஆயிரம் பக்கம் தாண்டிவிடுவார்கள். அமெரிக்காவின் பெரிய காமிக்ஸ் கம்பெனிகளான மார்வெலும் டிசியும் இதில் கில்லாடிகள். அப்சல்யூட் என்பது டிசியின் ராஜ மரியாதை: 8க்கு 12 அங்குலத்துக்குக் கொஞ்சம் மேலே, பக்கம் குறைவு, தனி உறைப்பெட்டி. டீலக்ஸ் என்ற சொல்லுக்கு அர்த்தமே இல்லை, ஆளாளுக்கு ஒரு சைஸ். லைப்ரரி எடிஷன் டார்க் ஹார்ஸின் வழக்கம், 9க்கு 12.

ஆர்ட்டிஸ்ட்ஸ் எடிஷன் மட்டும் வேறு ஜாதி. 2010இல் ஐடிடபிள்யூ நிறுவனம் ஆரம்பித்தது. அச்சான பக்கத்தைப் பெரிதாக்குவதில்லை, ஓவியர் வரைந்த அசல் தாளையே கலரில் ஸ்கேன் செய்து அதே அளவில் அச்சடிப்பார்கள். வண்ணம் பூசாத கறுப்பு வெள்ளைப் பக்கம்தான், ஆனால் நீலப் பென்சில் கோடு, வெள்ளை மையால் அழித்துத் திருத்திய இடம், தனியாக ஒட்டிய வசனத் துண்டு, ஓரத்தில் கிறுக்கிய குறிப்பு எல்லாம் தெரியும். வால்டர் சைமன்சன் 1983இல் ‘தோர்’ தொடரைக் கையில் எடுத்து நார்வேப் புராணத்தையே மார்வெலுக்குள் இறக்கினாரே, அந்தப் பக்கங்கள் 2011இல் இப்படி வந்தன. இடி விழுகிற சத்தத்தைக்கூடக் கட்டடம் கட்டுகிற மாதிரி எழுத்தாக வரைந்திருப்பார்கள். கதை படிக்க அதை வாங்காதீர்கள். ஒருவர் வேலை செய்துகொண்டிருக்கும்போது தோள் வழியாக எட்டிப் பார்க்க ஆசையிருந்தால் வாங்குங்கள்.

ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும். எது? (வாசகர், மதுரை)

‘ஹெல்பாய்’ லைப்ரரி எடிஷன், முதல் தொகுதி. பிசாசாகப் பிறந்து, மனிதர்கள் பக்கம் நின்று பேய் பிசாசுகளோடு மோதுகிறவன் கதை. 1994இல் வந்த முதல் கதையும் அதற்கடுத்ததும் சேர்ந்து ஒரே புத்தகத்தில் இருக்கின்றன. மைக் மின்யோலாவின் படத்தில் பாதிப் பக்கம் வெறும் கறுப்பு, அதிலிருந்து ஒரு கை, ஒரு கல் சிலை, ஒரு தவளை என்று துண்டு துண்டாக வெளியே வரும். சின்னப் பக்கத்தில் அது இருட்டு, பெரிய பக்கத்தில் அது இடம். வீட்டில் கரண்ட் போன அறைக்குள் போய் நிற்கிற உணர்வு. ‘பெர்செர்க்’கை ஏன் சொல்லவில்லை என்றால், படம் எவ்வளவு அழகோ கதை அவ்வளவு கொடூரம், பாலியல் வன்முறையும் உண்டு. பெரியவர்கள் மட்டும், அதுவும் தெரிந்து வாங்குங்கள், கூடத்து மேஜையில் போட்டு வைக்காதீர்கள்.

என் கணவர் வாங்குகிற புத்தகங்களின் பிளாஸ்டிக் உறையையே பிரிப்பதில்லை. ‘மதிப்பு குறைந்துவிடும்’ என்கிறார். புத்தகத்தைப் பிரிக்காமல் என்ன புத்தகம்? (வாசகி, தஞ்சாவூர்)

அம்மா, உங்கள் கட்சிதான் நானும். ஆனால் தர்க்கம் பேசினால் அவர் கேட்கமாட்டார், அதனால் என் கதையைச் சொல்லுங்கள். வெளிநாட்டிலிருந்து வரவழைத்த ஒரு தடியான ஹார்ட்கவரை நானும் இப்படித்தான் பிளாஸ்டிக்கோடு ஒன்றரை வருஷம் அலமாரியில் வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தேன். ஒரு மழை நாளில் ஆசை தாங்காமல் பிரித்தேன். நடுவில் ஒரு ஃபாரம் (ஒன்றாக மடித்துத் தைக்கிற தாள் கட்டு) இரண்டு தடவை தைக்கப்பட்டிருந்தது. அதாவது 16 பக்கம் திரும்ப வந்தது, வரவேண்டிய 16 பக்கம் இல்லை. மந்திரவாதி கோபுரத்தில் ஏறினான், மறுபடி ஏறினான், அடுத்த பக்கத்தில் அவன் செத்துக் கிடக்கிறான். யார் கொன்றது என்பதைக் கடைசியில் நண்பர் வீட்டுச் சின்னப் புத்தகத்தில் போய்ப் படித்தேன். விற்ற கடைக்காரரிடம் கேட்டதற்கு ‘மாற்றித் தரும் காலம் 30 நாள் சார்’ என்றார், அவர் சொன்னதில் தப்பே இல்லை.

வந்த அன்றைக்கே பிரித்து, முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை புரட்டிப் பார்த்துவிட வேண்டும். அவரிடம் இதைச் சொல்லுங்கள். பிரிக்காமல் வைத்திருப்பது பொக்கிஷமா பழைய பேப்பரா என்பது பிரித்தால்தான் தெரியும். அப்புறம் அந்தப் பிளாஸ்டிக் நம் ஊர்ப் புழுக்கத்தில் ஈரத்தை உள்ளேயே பிடித்து வைத்துக்கொள்ளும், அட்டை மெல்ல வில்லாக வளையும். இதைச் சொன்னால் உடனே பிரிப்பார் என்று நினைக்கிறேன்.

நான் பைண்டிங் தொழிலில் இருக்கிறேன். இந்த வெளிநாட்டுப் புத்தகங்களின் கட்டு எப்படி? நம்மால் முடியாத வேலையா? (வாசகர், சிவகாசி)

உங்களுக்கு நான் பாடம் எடுப்பதா! ஆனாலும் கேட்டதால் சொல்கிறேன். நல்லவை எல்லாம் ஃபாரம் ஃபாரமாக நூலால் தைத்தவை, மேசையில் விரித்தால் நாய் வெயிலில் படுத்த மாதிரி தட்டையாகக் கிடக்கும். அவசரத்துக்குப் போட்டவை ஓரத்தை அறுத்துப் பசை தடவியவை, ஆயிரம் பக்கம் இருந்தால் நடுவில் விரிக்கும்போது ‘பட்’ என்று ஒரு சத்தம் கேட்கும், அந்தச் சத்தம் கேட்டால் உங்களுக்கு வேலை வந்துவிட்டது என்று அர்த்தம். காமிக்ஸுக்கு இது கவிதைப் புத்தகத்தைவிட முக்கியம், ஏனென்றால் இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து ஒரே படம் வரும். நடுமடிப்பு அதை விழுங்கிவிட்டால் டிராகனுக்குக் கழுத்து இருக்காது. தைத்த புத்தகத்திலும் பருமன் அதிகமானால் இந்த விழுங்கல் உண்டு. ஆயிரம் பக்க ஆம்னிபஸ்களிடம் எனக்குள்ள மனத்தாங்கலே இதுதான். ஐநூறு பக்கமாக இரண்டு புத்தகம் போட்டால் என்ன குறைந்துவிடும்?

முடியாத வேலையா என்று கேட்டீர்கள். உங்கள் ஊரிலிருந்துதானே 1972இல் முத்து காமிக்ஸ் ‘இரும்புக்கை மாயாவி’யோடு கிளம்பியது. 2015இல் ‘மின்னும் மரணம்’ கெட்டி அட்டையில் ஒரே குண்டுப் புத்தகமாக வந்தபோது அதைக் கையில் வாங்கியவர்கள் இன்னும் அந்த எடையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அது கௌபாய்க் கதை, நம் தலைப்புக்கு வெளியே. ஆனால் தமிழில் இந்த ஆசைக்கு ஆள் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

ஃபேன்டசியில் தமிழிலேயே படிக்க ஏதாவது உண்டா? (வாசகர், புதுச்சேரி)

‘தோர்கல்’ உண்டு. லயன்–முத்து குழு தமிழில் கொண்டுவருகிறது. விண்ணிலிருந்து வந்து விழுந்த குழந்தை வைக்கிங்குகளிடம் வளர்கிறான், ‘என்னையும் என் குடும்பத்தையும் சும்மா விடுங்கள்’ என்பதுதான் அவன் வாழ்நாள் கோரிக்கை, தேவர்கள் விடுவதாக இல்லை. கதை பெல்ஜியத்தின் வான் ஹாம், படம் போலந்தில் பிறந்த ரோசின்ஸ்கி, 1977இல் ‘டின்டின்’ வார இதழில் ஆரம்பித்தது.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று: நாம் மெகா சைஸ் ஹார்ட்கவர் என்று வாய் பிளப்பது அமெரிக்கப் பழக்கத்தை வைத்துத்தான். பிரான்சிலும் பெல்ஜியத்திலும் சாதாரண ஆல்பமே கெட்டி அட்டை, ஏறக்குறைய ஏ4 சைஸ், ஐம்பது பக்கத்துக்குள். பிள்ளைகள் வாங்கிப் படிப்பதே அதைத்தான். அங்கே சின்னதாகப் போட்டால்தான் விசேஷம். அதனால் ‘தோர்கல்’ மாதிரித் தொடர்களுக்கு ராட்சத சைஸ் தேடி அலையத் தேவையில்லை, ஆல்பம் சைஸே அந்தப் படத்துக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை.

பதிப்பு தீர்ந்துபோன புத்தகங்கள் நாலு மடங்கு விலைக்குப் போகின்றனவாமே. தங்கத்துக்குப் பதில் இதில் போடலாமா? (வாசகர், திருச்சி)

வேண்டாம். தங்கத்தை யாரும் மறுபதிப்பு போடமாட்டார்கள், இதைப் போடுவார்கள்.

‘கோனன்’ கதையைக் கேளுங்கள். ராபர்ட் ஈ. ஹோவர்ட் 1932இல் எழுதிய காட்டு வீரன். மார்வெல் 1970இல் காமிக்ஸாக்கியது. கூடவே 1974 முதல் 1995 வரை பெரிய சைஸ் கறுப்பு வெள்ளைப் பத்திரிகையாக ‘சாவேஜ் ஸ்வோர்ட் ஆஃப் கோனன்’ 235 இதழ்கள். பிறகு உரிமை டார்க் ஹார்ஸுக்குப் போனது, 2019இல் மறுபடி மார்வெலுக்கு வந்தது, மார்வெல் பழைய கதைகளை எல்லாம் தடி தடி ஆம்னிபஸ்களாகப் போட்டுத் தள்ளியது. நாலு வருஷம்கூட முடியவில்லை, உரிமை டைட்டன் நிறுவனத்துக்குப் போய்விட்டது. கைமாறிய அடுத்த நாளிலிருந்து மார்வெல் அதை அச்சடிக்க முடியாது. கையில் இருக்கும் பிரதி தீர்ந்தால் தீர்ந்ததுதான். உடனே விற்பனைக்காரர்கள் விலையை ஏற்றினார்கள், பயந்துபோய் நம் ஆட்களும் வாங்கினார்கள். இப்போது டைட்டனும் அதே பழைய கதைகளை ஆம்னிபஸ் ஆக்கிக்கொண்டிருக்கிறது. ஏறிய விலைக்கு வாங்கியவர் யாரிடம் விற்பார்? உரிமை மாறினால் புத்தகம் மறையும், மறுபடி மாறினால் திரும்பி வரும், பொறுமை இருப்பவருக்குப் பாதி விலையில் கிடைக்கும். போதாததற்கு 2019 பட்ஜெட்டில் இறக்குமதிப் புத்தகங்களுக்கு 5 சதவீதச் சுங்கவரி வேறு போட்டார்கள். 50 டாலர் புத்தகம் நம் கைக்கு வரும்போது என்ன ஆகிறது என்பதை டாலர் விலையைப் பார்த்து நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள், எனக்கு அதைப் பார்த்தால் மனசு கஷ்டமாக இருக்கிறது.

பழைய காமிக்ஸைப் புதிய வழவழ தாளில் அச்சடித்தால் கலர் கண்ணைக் குத்துகிறதே, எனக்கு மட்டும்தானா? (வாசகர், யாழ்ப்பாணம்)

உங்களுக்கு மட்டுமில்லை. எழுபது எண்பதுகளின் காமிக்ஸ் எல்லாம் மட்டமான நியூஸ்பிரின்ட் தாளுக்காக வண்ணம் பூசியவை. அந்தத் தாள் மையை உறிஞ்சிவிடும், மஞ்சள் கொஞ்சம் மங்கும், அதைத் தெரிந்துகொண்டுதான் கலர் பூசியவர் தாராளமாகப் பூசினார். அதே அளவை வெள்ளை ஆர்ட் பேப்பரில் போட்டால் திருவிழாக் கடை பஞ்சுமிட்டாய் மாதிரிதான் இருக்கும். தாள் வழவழப்பும் பளபளப்பும் இல்லாமல் இருந்தால் பழைய கலர் தப்பித்துக்கொள்ளும். சிலர் கலரையே மாற்றிவிடுகிறார்கள். கனவுகளின் அரசனைப் பற்றிய ‘சாண்ட்மேன்’ 1989இல் ஆரம்பித்து 75 இதழ்கள் வந்த தொடர். 2006இல் அதன் அப்சல்யூட் முதல் தொகுதியை 612 பக்கத்தில் போட்டபோது முதல் 18 இதழ்களுக்குப் புதிதாக வண்ணம் பூசினார்கள். அது சரியா தப்பா என்று ரசிகர்கள் இன்றைக்கும் அடித்துக்கொள்கிறார்கள். எனக்குப் புதியதுதான் பிடித்திருக்கிறது, பழைய அச்சில் பாதி முகங்கள் பிசுபிசுத்துப் போயிருந்தன. ஆனால் பழைய இதழ்களோடு வளர்ந்தவரிடம் போய் இதைச் சொல்லமாட்டேன்.

பத்து வயது மகளுக்கு இந்த மாதிரி ஏதாவது? (வாசகி, நாகர்கோவில்)

முதலில் ‘போன்’. ஜெஃப் ஸ்மித் 1991 முதல் 2004 வரை 55 இதழ்களாக எழுதி வரைந்தது. மூன்று கொழுக்கட்டை உருவங்கள் ஊரைவிட்டு ஓடிவந்து டிராகன்கள் இருக்கிற பள்ளத்தாக்கில் மாட்டிக்கொள்ளும். ஆனால் இதற்குப் பெரிய சைஸ் வேண்டாம். எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்த 1,300 பக்கக் குண்டுப் புத்தகம் இருக்கிறது, அதுவும் வேண்டாம், குழந்தை கையில் பிடிக்க முடியாது. தனித்தனி கலர்ப் புத்தகங்களாக வாங்கிக் கொடுங்கள், பள்ளிக்கூடப் பையில் நசுங்கட்டும். தெளிவான தடிமனான கோடு, சின்னப் பக்கத்திலும் ஒன்றும் குறையாது.

பெரிது என்றால் என்ன என்று அவளுக்குக் காட்ட ஆசையிருந்தால் ‘லிட்டில் நீமோ’. வின்சர் மெக்கே 1905 அக்டோபரில் ‘நியூயார்க் ஹெரால்ட்’ ஞாயிறு பதிப்பில் ஆரம்பித்தார். ஒரு பையன் தினமும் கனவு காண்கிறான், கடைசிக் கட்டத்தில் கட்டிலிலிருந்து விழுந்து எழுந்துகொள்கிறான், கதை அவ்வளவுதான். 1908 ஜூலையில் வந்த ஒரு பக்கத்தில் அவன் கட்டிலுக்குக் கால் முளைத்து, வளர்ந்து வளர்ந்து, மாடிக் கட்டடங்களைத் தாண்டி ஊருக்குள் நடக்கும். கால் நீள நீளக் கட்டங்களும் நீண்டுகொண்டே போகும். அன்றைக்கு அது முழு நாளிதழ்ப் பக்கம். 2005இல் சண்டே பிரஸ் என்ற சின்னப் பதிப்பகம் அந்தப் பக்கங்களில் சிலவற்றைத் தேர்ந்தெடுத்து 16க்கு 21 அங்குலத்தில், அதே நாளிதழ் அளவில் புத்தகமாக்கியது. 2014இல் டாஷன் நிறுவனம் 549 பக்கங்களையும் சற்றுச் சின்ன அளவில் சேர்த்துப் போட்டது. இரண்டையும் தரையில் பாய் விரித்துப் போட்டு, குழந்தை அதன் மேலேயே குப்புறப் படுத்துத்தான் பார்க்க வேண்டும். நூறு வருஷத்துக்கு முன் அமெரிக்கக் குழந்தைகளும் அப்படித்தான் பார்த்திருப்பார்கள். ஒரே ஒரு எச்சரிக்கை, அதில் வரும் ஆப்பிரிக்கப் பையன் உருவம் அந்தக் காலத்து இனவெறிக் கேலிச்சித்திரம். மறைக்காமல் அவளிடமே பேசிவிடுங்கள், பத்து வயதில் புரியும்.

டேப்லெட்டில் விரலால் பெரிதாக்கிப் பார்த்தால் முடிந்தது. எதற்கு இவ்வளவு பாடு? (வாசகர், பெங்களூரு)

பெரிதாக்கும்போது மூக்கு தெரியும், முகம் போய்விடும். ஆனால் பயணத்துக்கு அதுதான் சரி, நானும் பஸ்ஸில் அதில்தான் படிக்கிறேன்.

வேளச்சேரியில் தரைத்தளத்தில் இருக்கிறேன். புத்தகமெல்லாம் பூசணம், ராமபாணம். என்ன செய்வது? (வாசகர், சென்னை)

வேளச்சேரி தரைத்தளம் என்றதும் மழைதான் ஞாபகம் வந்தது. முதல் வேலை, கீழ்த்தட்டைக் காலி செய்யுங்கள். விலை கூடிய புத்தகம் எதுவும் இடுப்புக்குக் கீழே இருக்கக் கூடாது.

பூசணத்துக்குக் காரணம் தேங்கி நிற்கிற ஈரக்காற்று. வெளிச்சுவரை ஒட்டி அலமாரியைப் போடாதீர்கள், நாலு விரல் இடைவெளி விடுங்கள், பின்பலகை இல்லாத அலமாரி என்றால் இன்னும் நல்லது. கண்ணாடிக் கதவு போட்டு மூடிவைத்தவர்கள்தான் அதிகம் அழுகிறார்கள். ஈரப்பதம் காட்டும் சின்னக் கருவி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது, முள் 65ஐத் தாண்டி அங்கேயே நின்றால் பூசணத்துக்கு அழைப்பிதழ் வைத்த மாதிரி. ராமபாணத்துக்குப் பசையும் மாவும்தான் சாப்பாடு, அட்டை ஒட்டிய இடத்தைத்தான் அரிக்கும். பாட்டி காலத்து வசம்பும் வேப்பிலையும் நானும் வைத்துப் பார்த்தேன், வாசனையாக இருந்தது. அதைவிட மாதம் ஒரு தடவை எடுத்து, தட்டி, புரட்டி வைப்பதில்தான் பலன் தெரிந்தது. படிக்கிற புத்தகத்தில் பூச்சி குடியேறாது. அந்துருண்டையைப் புத்தகத்தோடு ஒட்டி வைக்காதீர்கள், தாளில் ஏறிய நாற்றம் போகவே போகாது.

நிற்க வைப்பதா, படுக்க வைப்பதா என்று இன்னும் நாலு பேர் கேட்டிருக்கிறார்கள், இங்கேயே சொல்லிவிடுகிறேன். கெட்டி அட்டை எப்போதும் உள்தாள்களைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும். புத்தகத்தை நிறுத்தினால் அட்டைதான் தரையில் நிற்கும், மூன்று கிலோ தாள் அந்தரத்தில் தொங்கும், வருஷக்கணக்கில் அப்படித் தொங்கினால் முதுகுப் பக்கம் பிய்ந்துகொண்டு வரும். அதனால் தடிப் புத்தகங்களைப் படுக்கவைக்க வேண்டும், ஒன்றன்மேல் ஒன்றாக மூன்றுக்கு மேல் வேண்டாம்.

அப்படியென்றால் அதைக் கையில் பிடித்து எப்படித்தான் படிக்கிறீர்கள்? (வாசகர், சேலம்)

பிடிப்பதில்லை. ஆரம்பத்தில் பழக்கதோஷத்தில் படுக்கையில் மல்லாந்து, நெஞ்சில் வைத்துப் படித்துப் பார்த்தேன், மூச்சு முட்டியது. ஒரு தடவை தூக்கம் வந்து முகத்தில் விழுந்து மூக்குக்கண்ணாடி போனது. இப்போது சாப்பாட்டு மேசைதான். இரண்டு தலையணையை வைத்து, நடுவில் பள்ளம் விட்டு, அதில் புத்தகத்தின் முதுகு உட்காருகிற மாதிரி வைத்தால் இரண்டு பக்க அட்டையும் தாங்கிக்கொள்ளும், கட்டுக்கும் நல்லது. கை கழுவித் துடைத்துவிட்டு உட்காருவேன். ‘ஹெல்பாய்’ மாதிரி முழுக் கறுப்புப் பக்கத்தில் விரல் ரேகை பதிந்தால் போலீஸ்காரர் கண்டுபிடிக்கிற அளவுக்குத் தெளிவாகத் தெரியும். சாப்பாட்டு நேரத்தில் மேசையைக் காலி செய்யச் சொல்லி வீட்டில் சத்தம் வரும், அதுவரை நமது ராஜ்யம்.

அடுத்து என்ன வாங்கப் போகிறீர்கள்? (வாசகி, திருநெல்வேலி)

ஹால் ஃபாஸ்டரின் ‘பிரின்ஸ் வேலியன்ட்’ அடுத்த தொகுதி. ஆர்தர் மன்னர் காலத்துக் கதை, 1937 பிப்ரவரி 13 அன்று ஆரம்பித்து வாரம் ஒரு பக்கம் நாளிதழில் வந்தது. பேச்சுக் குமிழியே கிடையாது, படத்துக்குள் ஓரமாக எழுத்து மட்டும், அதனால் ஒவ்வொரு கட்டமும் சுவரில் மாட்டிய ஓவியம் மாதிரி சும்மா நிற்கும். ஃபான்டாகிராஃபிக்ஸ் பதிப்பகம் 2009 முதல், பல்கலைக்கழகத்தில் பத்திரமாக இருந்த ஃபாஸ்டரின் சொந்த அச்சு நகல்களிலிருந்து கலரை எடுத்து, 14 அங்குல உயரத்தில், தொகுதிக்கு இரண்டு வருஷக் கதை என்று போட்டு வருகிறது.

முதல் தொகுதி வந்த அன்று ஒரே ராத்திரியில் படித்து முடித்தேன், மறுநாள் ஒன்றுமே ஞாபகமில்லை. அதனால் மறுபடி முதலிலிருந்து, ஞாயிற்றுக்கிழமை காலை காபியோடு ஒரு பக்கம், ஒரே ஒரு பக்கம் என்று வைத்துக்கொண்டேன், அன்றைக்குப் பேப்பரில் படித்தவர்கள் மாதிரி. இப்போது 1938 ஆகஸ்டில் இருக்கிறேன். தொகுதி முடிய இன்னும் 20 ஞாயிறு பாக்கி. அதற்குள் ஆசாரியைப் பிடித்து அந்த நடுத்தட்டைச் சரிசெய்ய வேண்டும், வருகிறேன் வருகிறேன் என்று இரண்டு மாதமாக ஏமாற்றிக்கொண்டிருக்கிறார்.